கண்ணாடி அலமாரிக்கு ஒரு யூனிபார்ம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று குப்பைமேல் பாசம் வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடம் என்றால் என் மகள் ஏழாவது படிக்கிற இடம். நான் அதன் பின்பக்கத் தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒற்றைத் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, கிழிந்ததைத் தைத்தும் பெருத்தவர்களுக்குப் பிரித்துவிட்டும் பிழைக்கிறவள்.

பாசத்தை அறிவித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'கழிவிலிருந்து கலை: மாணவர்களுக்கான மறுபயன்பாட்டுப் போட்டி.' வழவழவென்ற கெட்டித் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, பிள்ளைக்கு மூன்று தாள். காகிதத்தை வீணாக்காதீர்கள் என்ற அறிவுரை மூன்றாவது தாளில் இருந்தது. அந்தத் தாளில் வேறொன்றும் இல்லை.

அந்த வாரம் குப்பைக்கு வந்த தட்டுப்பாட்டை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. முனையில் இருக்கிற ஸ்டேஷனரி கடைக்காரர் 'போட்டிக்கான கழிவுப் பொருட்கள் இங்கே கிடைக்கும்' என்று பலகையே மாட்டிவிட்டார். எந்த பாட்டிலையும் மூடியிராத பாட்டில் மூடிகள், ஐம்பது ஐம்பதாகப் பாக்கெட்டில். எந்த நாக்கும் தொடாத ஐஸ் குச்சிகள். பெற்றோர்கள் டஜன் கணக்கில் தண்ணீர் பாட்டில் வாங்கி, கடை வாசலிலேயே தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, காலி பாட்டில்களைப் பத்திரமாகக் காரில் ஏற்றினார்கள். பூமியைக் காப்பாற்றுவதென்றால் சும்மாவா?

மாடி வீட்டு அக்காவும் வந்தாள். அவள் பெண்ணும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. கையில் மடிப்புக் கலையாத புதுத் துணி, மூன்று மீட்டர்.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் பழசாக்கிக் குடேன்."

"பழசாவா?"

"ஆமா. பொம்மை பண்றா. புதுசா இருந்தா மார்க் குறைச்சிடுவாங்களாம். அங்கங்க கிழிச்சு, டீத்தண்ணியில முக்கி எடுத்தா பழசு மாதிரி ஆயிடாது?"

"வீட்டுல பழைய துணி ஒண்ணுமே இல்லையாக்கா?"

"இருக்கு. ஆனா அதெல்லாம் பாக்க நல்லாருக்காதுல்ல?"

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு துணியை வாங்கிக்கொண்டேன். முப்பது வருஷமாகப் பழசைப் புதுசாக்கத்தான் கற்றுக்கொண்டேன். புதுசைப் பழசாக்குவதும் ஒரு தொழில் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கல் வைத்துத் தேய்த்து, கத்திரியால் கடித்து, டீத்தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தேன். அக்காவுக்குப் பரம திருப்தி.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் இந்தப் பள்ளி யூனிபார்மை மாற்றியது. வெளிர் நீல ஸ்கர்ட்டும் கோட்டும் போய்க் கரும்பச்சை வந்தது. பச்சையைப் பள்ளிக் கவுண்டரில்தான் வாங்க வேண்டும். வெளியில் தைத்துப் போட்டால் வகுப்புக்குள் விடமாட்டார்கள். ஒரே நாளில் ஊரிலிருந்த அத்தனை நீலமும் செல்லாக்காசாகிவிட்டது. என்னிடம் இடுப்புப் பிரிக்கவும் நீளம் இறக்கவும் வந்திருந்த பதினோரு நீல யூனிபார்ம்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

கவுண்டர் பச்சையை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். கொசுவலைக்குக் கொஞ்சம் அண்ணன். விலையோ அதற்கு நேர் எதிர். நீலம் அப்படியல்ல, நல்ல கெட்டிப் பருத்தி. வெளிப்பக்கம்தான் வெளுத்திருந்தது, உள்பக்கம் புதுக் கருக்கோடு இருந்தது. ஆகவே அதில் ஒன்றை எடுத்து, தையலைப் பிரித்து, துணியைத் திருப்பிப் போட்டு, கரும்பச்சைச் சாயத்தில் முக்கி, மறுபடி தைத்தேன். பிரித்தது என் மகள், தொட்டியில் கிளறியது அவள், பொத்தான் வைத்தது அவள். மெஷினை ஓட்டியது மட்டும் நான். பள்ளிச் சின்னத்தைப் பழைய பாக்கெட்டோடு எடுத்து அப்படியே ஒட்டுத் தையல் போட்டோம். எட்டு மாதமாக அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறாள். ஒரு ஈ, காக்கைக்குத் தெரியாது.

தெரியக்கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம். தெரிந்தால் என் பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும்.

"போட்டிக்கு நீ என்னடி பண்ணப்போற?" என்று கேட்டபோது, "பண்ணியாச்சும்மா" என்றாள். துண்டுத் துணியில் ஏதாவது பை தைத்திருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வீட்டு நுணல் கெட்டது தன் கையெழுத்தால்.

போட்டியன்று கூடத்துக்குள் நுழைந்தபோது மூச்சு முட்டியது. புதுப் பெயின்ட் வாசனையும் சூடான பசை வாசனையும். நானூறு புதுப் பேப்பர் கப்பில் ஒரு ராக்கெட். ஐஸ் குச்சியில் ஒரு மாளிகை. கட்டியவர் பொறியாளரான அப்பா என்பது அதன் ஜன்னல் ஜன்னலாகத் தெரிந்தது. மாடி வீட்டு அக்கா பெண்ணின் பொம்மை நான் கிழித்துக் கொடுத்த உடையில் பரிதாபமாக நின்றது. இதற்கு நடுவில் ஒரு வெறும் மேஜை. அதன்மேல் என் மகள் கையெழுத்தில் ஒரு அட்டை: 'பொருள்: நான் போட்டிருக்கும் யூனிபார்ம்.' பக்கத்தில் அவள், கையைக் கட்டிக்கொண்டு.

ஓடிப்போய் அட்டையைப் பிடுங்கலாம் என்றால், நடுவர் அதற்குள் மேஜைக்கு வந்துவிட்டார். அவர் நகரத்தின் துப்புரவுத் துறை அதிகாரி. கூடவே பெரிய மிஸ். தலைமையாசிரியையைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்.

"இது ஸ்கூல் யூனிபார்ம்தானேம்மா?" என்றார் அதிகாரி. "இதுல கழிவு எங்க இருக்கு?"

அவள் கோட்டைக் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பி, பாக்கெட் ஓரத்தைக் காட்டினாள். பாக்கெட்டின் உள்மடிப்பை மட்டும் நாங்கள் பிரிக்கவில்லை. அங்கே பழைய நூல் வெளிர் நீலமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"இது போன வருஷத்து நீலம் சார். துணி சாயம் புடிச்சுக்கும், இந்த நூல் பாலியஸ்டர், புடிக்காது. அதான் நீலமாவே இருக்கு."

அதிகாரி அந்த நூலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ராக்கெட்டைப் பார்த்தார். "இருபது வருஷமா இந்த மாதிரிப் போட்டிக்கெல்லாம் போறேன்," என்றார். "போட்டி முடிஞ்ச மறுநாள் எங்க லாரி ஒரு நடை கூடுதலா வந்து எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போகும். அள்ள முடியாத பொருளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

முதல் பரிசு என் மகளுக்கு. கூடம் கைதட்டியது. பெரிய மிஸ்ஸும் தட்டினார், இரண்டு விரலால். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நானோ திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றேன். பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது, பயம்தான் ஒரு படி அதிகம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பெரிய மிஸ் உட்காரச் சொன்னார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ரொம்பப் பெருமையா இருக்கும்மா," என்றார். "ஸ்கூலுக்கே நல்ல பேரு. அதனால ஒரு முடிவு எடுத்திருக்கோம். வராண்டாவுல புதுசா ஒரு கண்ணாடி அலமாரி செஞ்சிருக்கோம் பாத்தீங்களா? அதுல இந்த யூனிபார்மை வைக்கப்போறோம். போற வர்ற பிள்ளைங்க எல்லாம் பாக்கணும். மறுபயன்பாடுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும்."

"அலமாரியில வச்சுட்டா இவ எதைப் போட்டுக்குவா மேடம்?"

"கவுண்டர்ல புதுசு வாங்கிடுங்க. திங்கட்கிழமைக்குள்ள." குரல் கொஞ்சம் இறங்கியது. "வெளிய தச்சது போடக்கூடாதுன்னு உங்களுக்கே தெரியும். எட்டு மாசம் போட்டிருக்கா. நான் அதைப் பெரிசு பண்ணலை. ஆனா இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமேலும் போட்டுக்கிட்டு வந்தா கிளாசுக்குள்ள விட முடியாது. ரூல் ரூல்தான்."

நன்றாக உபயோகப்படுகிற ஒன்றை உபயோகத்திலிருந்து எடுத்து, பூட்டி வைத்து, அதற்குப் பதிலாகப் புதுசு வாங்கினால் அதற்குப் பெயர் மறுபயன்பாடு. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி கண்ணே. இதெல்லாம் மனதுக்குள் ஓடியதே தவிர, வாய் "சரிங்க மேடம்" என்று சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தது. நான் அப்படிப்பட்ட வீராங்கனை.

என் மகள்தான் கேட்டாள். "மிஸ், நான் தோத்திருந்தா இதையே போட்டுக்கிட்டு வந்திருக்கலாம் இல்ல?"

பெரிய மிஸ் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "பெரியவங்க பேசிட்டு இருக்கும்போது நடுவுல பேசக்கூடாது," என்றார்.

எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்தது. குழந்தை கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, அதட்டல் மட்டும் இருக்கிறது. மேஜைமேல் கிடந்த முதல் பரிசுச் சான்றிதழை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.

"மேடம், அலமாரியில இதை வச்சுக்கோங்க. இதை யாராலயும் போட்டுக்க முடியாது. யூனிபார்ம் எங்களுக்கு வேணும், எம்பொண்ணு போட்டுக்குவா."

சொல்லிவிட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீராப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, திங்கட்கிழமை காலையில் சுத்தமாகத் தீர்ந்துபோயிற்று.

"எட்டு மணிக்குக் கவுண்டர் திறப்பாங்க. வா, வாங்கிடலாம். படிப்பு கெட்டுடும்டி," என்றேன்.

அவள் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தானேம்மா இருக்கு," என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவருடைய சட்டைக்கு இரண்டும் இடக்கையாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அழுதுகொண்டு நிற்பாள், கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், போகிற வழியில் கவுண்டரில் ஒரு பச்சையை வாங்கித் தொலைக்க வேண்டும். இதுதான் என் திட்டம்.

இடைவேளை நேரம். வராண்டாவில் அவளைக் காணவில்லை. கண்ணாடி அலமாரிக்கு முன்னால் ஒரு கும்பல்தான் இருந்தது. அலமாரியில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத தட்டில் சான்றிதழ் தனியாகக் கிடந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. கும்பலுக்கு நடுவிலிருந்து என் மகள் குரல் வந்தது.

"முதல்ல தையலைப் பிரிக்கணும். கிழிக்கக்கூடாது. அப்புறம் திருப்பிப் போடணும்..."

கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பிடித்திருந்தாள். கை கையாக மாறி அந்த நீல நூலை எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். "எங்க வீட்டுல ரெண்டு நீலம் சும்மா கெடக்குதுக்கா," என்றது ஒரு பொடிசு. "எங்க வீட்டுல மூணு," என்றது இன்னொன்று.

"நாளைக்குக் கொண்டு வாங்க," என்றாள் என் மகள். "என்னைக் கிளாசுக்குள்ள விடலை, நான் இங்கதான் நின்னுட்டிருப்பேன்."

அலுவலகக் கதவு திறந்தது. பெரிய மிஸ் வந்தார். போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் பார்க்க வேண்டும், தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டபடியேதான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் முகத்தில் அந்த நிறைவைக் காணோம். கும்பல் விலகியது.

"நீ கிளாசுக்குப் போ," என்றார்.

"ரூல், மிஸ்?"

"போன்னா போ!"

மணி அடித்தது. என் மகள் கோட்டை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, வகுப்புக்குள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.