கடலைப் பார்த்த பீரங்கிகள்

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் பார்வதம்மாவின் இடது கால் ஏன் இழுக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. வெளியூர்க்காரர் கேட்டுவிட்டால், "கோட்டையில விழுந்துட்டாங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் கணவர் தங்கவேலு அவளைக் கோவாவுக்கு அழைத்துப் போயிருந்தார். துறைமுக வாயிலைக் காக்கப் போர்ச்சுக்கீசியர் எழுப்பிய கோட்டை அது. பீரங்கிகளெல்லாம் கடலைப் பார்த்தே நின்றன, உள்ளே நடப்பதைப் பார்க்க ஒரு பீரங்கியும் இல்லை. மழையில் பாசிப்படி வழுக்கிவிட்டதாம். அன்றிலிருந்து, கன்னம் வீங்கி வரும் பெண்ணைக் குழாயடியில் "இன்னாடி, கோட்டைக்குப் போயிருந்தியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பதோடு சரி.

இன்று தங்கவேலுவின் உடலைப் பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மருமகள் லதா வெந்நீர் கொண்டுவரச் சற்றுத் தாமதமானது. குடித்திருந்த மகன் மனோகர், "அப்பன் பொணத்துக்குக்கூட ஒனக்கு அவசரம் இல்லியா?" என்று அவள் கையிலிருந்த பித்தளைச் செம்பைப் பிடுங்கி முகத்தில் அறைந்தான். புருவம் பிளந்தது. கூந்தலைப் பற்றிச் சுவரில் மோதினான். வாளித் தண்ணீரில் ரத்தம் நூல்நூலாகப் பிரிந்து இறங்கியது. வாசலில் தப்பு மேளம் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு சில்வியா அந்த வாளியைக் கவிழ்த்துவிட்டு வேறு தண்ணீர் பிடித்து வந்தாள்.

"ஒங்கண்ணன் வர்றாரு. வழுக்கிடுச்சின்னு சொல்லிடு, கண்ணு."

இன்று ஒருமுறை சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் அதையே சொல்ல வேண்டியிருக்கும் என்பது லதாவுக்குத் தெரிந்தது.

அடுத்த குடியிருப்பான பாலகாட்டிலிருந்து வந்த அவள் அண்ணன் நாகேஷ், மாலையும் கோடித்துணியும் ஏந்தியபடி நின்றுவிட்டான்.

"லதா! இன்னாம்மா இது, ரத்தம்?"

"சோப்புத் தண்ணி, மச்சான்" என்றான் மனோகர். "வழுக்கிட்டா."

நாகேஷ் தங்கையையே பார்த்தான். "ஆமாண்ணா" என்பது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பிணத்தின் தலைமாட்டிலிருந்து பார்வதம்மா எழுந்தாள். காலை இழுத்து இழுத்து வந்து, நாகேஷின் கையிலிருந்த கோடியை வாங்கி, ஓரத்தைப் பல்லால் கடித்து, நீளமாக ஒரு துண்டைக் கிழித்தாள். அதை மடித்து லதாவின் புருவத்தில் வைத்து அழுத்தினாள்.

"வழுக்கல, தம்பி. எம் புள்ள அடிச்சான்." தப்புச் சத்தத்தையும் மீறி அவள் குரல் தெருவரை கேட்டது. "என்னையும் இவருதான் படியில உருட்டிவுட்டாரு. அன்னிக்குக் கோட்டையில மழையே இல்ல."

மிஞ்சிய கோடியைப் போர்த்தியபோது தங்கவேலுவின் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.