மூன்றாவது படி காணவில்லை

1

இந்தக் கதையைப் பேருந்தில் ஒருவர் எனக்குச் சொன்னார். பக்கத்து இருக்கைக்காரர், முன்பின் பழக்கமில்லாதவர். அப்படித்தான் சொல்லப்போகிறேன், நம்பிவிடுங்கள். கதை எங்கே கிடைத்தது என்று குடைகிற வாசகரிடம் பேருந்தைக் காட்டிவிட்டால் மேற்கொண்டு கேள்வி வராது. (வந்தால் ரயில் இருக்கிறது.)

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். "கரும்பலகை ஒன்று கண்ணீர் வடித்துக்கொண்டி—" சீ. "தொழில்நுட்பம் கல்விக்கு வரமா, சாபமா என்ற கேள்வியை நாம்—" இதற்கு மைக்கும் மாலையும் வேண்டும். மூன்றாவது சுமார்தான். வேறு எழுதத் தெம்பில்லை, இதையே வைத்துக்கொள்கிறேன்:

கணக்கு டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, திரையில் தானே பாடம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2

மூன்று வருடங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது, ஆசிரியர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பாடங்களைப் பதிவு செய்து அனுப்பினார்கள். பள்ளி திறந்தது. வீடியோக்கள் போகவில்லை. எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே மாதிரி போய்ச் சேருகிறதே என்று நிர்வாகம் அவற்றையே வகுப்பில் ஓடவிட்டது. டீச்சரின் வீடியோவில் முகம் கிடையாது. ஒரு காகிதம், அதில் எழுதுகிற கை, மேலே குரல், அவ்வளவுதான்.

இப்போது டீச்சரின் வேலை திரையைப் போடுவது, விளக்கை அணைப்பது, பேசுகிறவர்களை முறைப்பது. நடுவில் நிறுத்தினால் அலுவலகத்துக்குத் தகவல் போய்விடும். பிள்ளைகள் திரையில் கேட்பவரை 'வீடியோ டீச்சர்' என்பார்கள், பெஞ்சில் இருப்பவரை 'சும்மா டீச்சர்'. டீச்சருக்கு இது தெரியும். கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

(அடிக்குறிப்பு போல ஒன்று: பிள்ளைகள் வீட்டில் அதே பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் போட்டுக் கேட்கிறார்கள். அந்த வேகத்தில் அவர் குரலில் களைப்பே தெரியாது.)

அந்த வாரம் மாதிரித் தேர்வின் முடிவு வந்தது. இந்த வருடம் முதல் தடவையாகத் திருத்தியது கணினி. ஒரு கணக்கில் மட்டும் நாற்பத்தாறு பேரில் நாற்பத்தொரு பேருக்கு இரண்டு மதிப்பெண் போயிருந்தது. எல்லோருக்கும் ஒரே குறிப்பு: "படி 3 காணவில்லை."

வர்க்கப் பூர்த்திக் கணக்கு. மூன்றாவது படியில் சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒன்பதைக் கூட்ட வேண்டும். அதை எழுதாமலே எல்லோரும் நான்காவதுக்குத் தாவியிருந்தார்கள். விடை சரி. அது எப்படி வந்தது என்பதற்குத்தான் சாட்சி இல்லை.

முதல் பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டார். வகுப்பில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர்.

"ஏம்மா, நீயுமா? மூணாவது படி எங்க?"

"நீங்கதானே விடச் சொன்னீங்க டீச்சர்?"

"நானா? எப்ப?"

"இப்ப இல்ல, வீடியோல. பதினோராவது நிமிஷம். 'விட்டுடுங்க, நான் வந்து பாத்துக்கறேன்'னு சொல்வீங்க. சரி, அப்புறம் வந்து சொல்லித் தருவாங்கன்னு விட்டுட்டோம். நீங்க வரவே இல்ல."

டீச்சர் அணைந்திருந்த திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க என்ன பண்றது டீச்சர், வீடியோல திருப்பிக் கேக்க முடியாதே," என்றாள் வக்கீல், கொஞ்சம் தணிந்து.

(மூன்றாம் பகுதியை விட்டுவிட்டு நான்காவதுக்குப் போகிறேன். பிறகு வந்து பார்த்துக்கொள்கிறேன்.)

4

வீட்டுக்கு வந்து அந்தப் பதினோராவது நிமிடத்தை ஏழெட்டுத் தடவை போட்டுக் கேட்டார். கை மூன்றாவது படியை எழுதுகிறது. நிற்கிறது. "விட்டுடுங்க. நான் வந்து பாத்துக்கறேன்." பிறகு கை நான்காவது படிக்கு நகர்கிறது. அது வகுப்புக்குச் சொன்னதல்ல. கதவருகே வந்து நின்று ஏதோ கேட்ட கணவருக்குச் சொன்னது. பின்னணி இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருள் அவருடைய கேள்வியைத் துடைத்துவிட்டது. கேள்வி போய்விட்டது, பதில் மட்டும் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே சின்னதாக ஒரு கட்டுரை எழுதிக்கொள்கிறேன், வாசகர் பொறுத்துக்கொள்ளட்டும். இந்த 'ங்க' இல்லாவிட்டால் கதையே இல்லை. நாற்பத்தாறு பிள்ளைகளுக்கும் 'ங்க', வீட்டுக்காரருக்கும் 'ங்க'. முதலாவது பன்மை, இரண்டாவது மரியாதை. கேட்கிற காதுக்கு இரண்டும் ஒன்று. கல்யாணமான புதிதில் "வா போன்னே கூப்பிடேன்" என்று அந்தக் கணவர் கெஞ்சிப் பார்த்திருக்கிறார், நடக்கவில்லை. (பேருந்துக்காரருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.) அன்றைக்கு "விட்டுடு" என்று சொல்லியிருந்தால் ஒரு பிள்ளைகூட ஏமாந்திருக்காது.

மறுநாள் அலுவலகத்தில் கணினிப் பொறுப்பாளரிடம் போய் நின்றார்.

"அந்த ஒரு பாடத்த மட்டும் திரும்ப எடுத்துத் தரேன் சார்."

"அதுல தப்பே இல்லையே டீச்சர். படி காகிதத்துல தெளிவா இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

திங்கட்கிழமை முழுத் தேர்வு. அதில் தேறாதவர்களுக்கு மேல்வகுப்பில் கணக்குப் பாடம் கிடையாது. வக்கீல் சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறாள், இரண்டு மதிப்பெண் போனால் போனதுதான். அதற்குள் மிஞ்சியிருப்பது நாளை ஒரு வகுப்பு. வீடியோவை நிறுத்தி, அது உங்களுக்குச் சொன்னதல்ல என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் சும்மா டீச்சர் சொல்லி வீடியோ டீச்சரை மறுக்க முடியாது. வக்கீல் விடமாட்டாள்.

"அப்ப யார்கிட்ட சொன்னீங்க, எத விடச் சொன்னீங்கன்னு கேப்பா," என்றார் டீச்சர் கணவரிடம். "நான் என்னன்னு சொல்லட்டும்?"

"ஏதாவது சொல்லிக்கலாம், விடு," என்றார் கணவர்.

5

முடிவு ஒன்று: டீச்சர் வீடியோவை நிறுத்தி நடந்ததைச் சொல்கிறார், வகுப்பே அழுகிறது. நாற்பத்தாறு பேர் சேர்ந்து அழுது நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: "பூனைக்குட்டியை விடச் சொன்னேன்" என்று ஒரு பொய். வகுப்பு சிரிக்கும், மூன்றாவது படியை எழுதும், வக்கீல் தேறிவிடுவாள். எல்லோருக்கும் லாபம். அதைச் சொல்லிவிட்டு டீச்சர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்பதுதான் எழுத வரவில்லை.

முடிவு மூன்று: சும்மா டீச்சர் சும்மாவே இரு—

போதும். பேருந்தும் இல்லை, பக்கத்து இருக்கையும் இல்லை. டீச்சர் என் மனைவி. இவ்வளவு நேரம் 'அவர், இவர்' என்று எழுதியது அன்னியனைப் போல நடிக்கத்தான். மென்பொருள் துடைத்த இரைச்சல் நான்.

3

அன்று அறைக் கதவில் "பதிவு நடக்கிறது" என்று தாள் ஒட்டியிருந்தது. கூடத்து நாற்காலியில் மாமா, அவளுடைய அப்பா, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். சாப்பிட்டதும் ஒரு தூக்கம் போடுவது அவர் வழக்கம். கதவை விரலளவு திறந்து கேட்டேன்.

"மாமா தூங்கறார்போல. எழுப்பட்டுமா?"

"விட்டுடுங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

விட்டுவிட்டேன். பாடம் இன்னும் பத்தொன்பது நிமிடம் ஓடியது. மாமா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார், பேச்சு திரும்பவே இல்லை. "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவில்லை. அவள் மூன்று வருடமாக முடித்துக்கொண்டிருக்கிறாள்: நான்தானே விடச் சொன்னேன்.

இனிதான் காணாமல் போன படி. கேட்பதற்கு முன்னால் நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கையிலிருந்த தம்ளர் சரிந்து மடியெல்லாம் தண்ணீர். அது தூக்கமில்லை என்று எனக்குத் தெரிந்தது. கதவிலிருந்த தாளையும் பார்த்தேன். காலையிலேயே இரண்டு தடவை பதிவு பாதியில் நின்று, முதலிலிருந்து எடுத்து, அவள் சலித்துப்போயிருந்தாள். மூன்றாவது தடவை நிறுத்தி வாங்கிக்கட்டிக்கொள்ள எனக்குப் பயம். வாயைச் சொல்லவில்லை, தண்ணீரைச் சொல்லவில்லை. தூங்குகிறார்போல என்றேன்.

நீ தூக்கத்தைத்தான் விடச் சொன்னாய்.

ஆமாம், நீதான். இதில் வாசகர் என்று வருகிற இடமெல்லாம் நீதான். என் கதைகளைச் சிவப்புப் பேனாவோடு முதலில் படிக்கிற ஆள் வேறு யார்? மூன்று வருடமாக நீ அழும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நாளை வக்கீல் கேட்டால், வீட்டுக்காரர் ஒரு படியை விட்டுவிட்டுக் கணக்கைச் சொன்னார், அதனால் எனக்கு விடை தப்பாக வந்தது என்று சொல். அவளுக்குப் புரியும். மூன்றாவது படியைத் தானாக எழுதுவாள்.

இதைச் சாப்பாட்டு மேசையில் உன் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைப்பக்கம் போகிறேன். திரும்பி வரும்போது கதவு திறந்திருக்குமா என்று என்னால் எழுத முடியாது, அது உன் கையில் இருக்கிறது. முடிவுக்காக அடியில் அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். என்ன வேண்டுமானாலும் எழுது. 'ங்க' மட்டும் போடாதே.