அண்ணன் கொண்டாந்த பிளாப்பி

கருத்தம்மாளுக்கு வயித்தெரிச்சல் பிடிச்சது எண்பத்தொன்பதாம் வருசம், மதுரையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் ஜீப்புல வந்து எறங்குன அன்னைக்குத்தான். அதுவரைக்கும் போடியில ஏலக்கா வியாபாரி வெள்ளைத்துரை வீட்ல மூத்த மருமக சொன்னதுதான் சட்டம். கிட்டங்கிச் சாவி, பீரோச் சாவி, அரிசி ரூம் சாவி எல்லாம் அவ இடுப்புலதான் தொங்கும். ஆனா பெட்டி வந்து எறங்குனதும் மாமனார் யாரைக் கூப்பிட்டாரு? "ஏத்தா வீரலட்சுமி, இங்க வா." இளைய மருமகளை! வாக்கப்பட்டு வந்து ரெண்டு வருசம் ஆகல. டைப்ரைட்டிங் படிச்சவளாம். முன்ன வந்த காதைவிடப் பின்ன வந்த கொம்பு உசத்தின்னு சும்மாவா சொன்னாங்க?

அந்த ரூமுக்குள்ள செருப்பு ஆகாது, தூசி ஆகாது, ஈரம் ஆகாது. சாமி ரூமுக்குக்கூட அந்த வீட்ல அம்புட்டு மரியாதை கெடையாது. தோட்டத்துல இருந்து வந்த மூடை எத்தனை, எந்த லாட்டு யாருக்கு ஏலம் போச்சு, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள. வீரலட்சுமி ரெண்டு தட்டுத் தட்டுவா, திரையில வந்து நிக்கும். மாமனார் வாயெல்லாம் பல்லு.

கொஞ்ச நாள்ல, மதுரையில ஒரு மில்லுக்காரர் கம்ப்யூட்டர் வைரஸ் வந்து படுத்துருச்சுன்னு சேதி வந்துச்சு. "அதென்னத்தா, பெட்டிக்கும் நோயா?"ன்னாரு மாமனார். வீரலட்சுமி விளக்கம் சொன்னா. வெளியில இருந்து வர்ற பிளாப்பிங்கிற சதுரத் தகடு வழியாத்தான் அது ஒட்டும், அதுக்குன்னு மருந்துப் பிளாப்பி தனியா இருக்கு, எதையும் அதை வச்சுச் சோதிச்சுட்டுத்தான் உள்ள விடணும். அவ புருசன் பால்பாண்டி, "கடைக்காரன் சும்மாவே காப்பி போட்டுத் தர்றேங்கிறான், வாங்கிட்டு வர்றேன்"னான். "வேணாம். காப்பி போட்ட மருந்துலயே நோய் இருந்தா என்ன செய்வீங்க? ஒறை பிரிக்காததா வாங்குங்க. புது நோய்க்குப் பழைய மருந்து கேக்காது, அதனால வருசம் பூரா புதுசு புதுசா அனுப்புறவன்கிட்ட வாங்குங்க"ன்னா. மாமனார் தொடையில தட்டி, "இவ ஆம்பளையாப் பொறந்திருக்கணும்யா"ன்னாரு.

காப்பித் தம்ளரோட வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தா கருத்தம்மா. பதினஞ்சு வருசமா இந்த வீட்டு அடுப்புல வேகுறா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அப்படி ஒரு வார்த்தை அவளுக்குக் கெடைச்சிருக்கா?

மருந்துப் பிளாப்பிய பீரோவுல வைக்கச் சொல்லிட்டாரு மாமனார். தெனம் காலையில கருத்தம்மா பீரோவைத் தெறந்து அதை எடுத்துக் குடுக்கணும். சாவி வச்சிருந்தவ எடுபிடியா ஆயிட்டா. குடுத்துட்டுப் போகவும் மாட்டா. வீரலட்சுமி மொதல்ல பிளாப்பியச் சொருகுறது, பெட்டியில பிளாப்பி வாயை மூடுற மூக்கைத் திருகுறது, அப்புறமா சுவிச்சைப் போடுறது எல்லாத்தையும் கண்ணுல கொள்ளியோட பாத்துக்கிட்டே நிப்பா.

ஐப்பசி மாசம் அவ அண்ணன் அமாவாசை ராசிங்காபுரத்துல இருந்து வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழம், மல்லியப்பூ, அதுக்கு மேல ஒரு பிளாப்பி. "ஜாதகம் கணிக்கிற பிளாப்பி தங்கச்சி. நம்ம சந்திரவல்லிக்கு இதுலயே பாத்துரலாம்." கருத்தம்மாளுக்குத் தலை கால் புரியல. இந்தா, தன் பொறந்த வீட்ல இருந்தும் கம்ப்யூட்டர்ச் சாமான் வருதுல்ல! மக சந்திரவல்லியக் கூப்பிட்டு நெத்தியில துன்னூறு பூசி விட்டா.

வீரலட்சுமி பிளாப்பியத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "எங்க வாங்குனீங்கண்ணே? இப்ப இருக்குறது பழைய மருந்து, புது மருந்து தபால்ல வரணும். வந்ததும் சோதிச்சுட்டுப் போடுவோம், இப்ப வேணாம்."

அமாவாசைக்கு மொகம் செத்துப்போச்சு. "நான் கொண்டாந்ததுக்குச் சோதனையா? எங்க வீட்டுச் சாமானுக்கு நோய் இருக்குங்கிறியா?" வச்ச எலையில கை நனைக்காம, பிளாப்பியையும் அங்கயே போட்டுட்டு பஸ்சு ஏறிட்டான். மாமனாராவது ஒரு வார்த்தை சொன்னாரா? "அந்தப் புள்ள சொல்றது சரிதானப்பா"ன்னுட்டாரு.

பொறந்த வீட்டுக்காரன் எலையை விட்டு எந்திரிச்சா எவளுக்குப் பொறுக்கும்? மறுநா மத்தியானம் மாமனாரும் வீரலட்சுமியும் ஏலத்துக்குப் போனதும், கருத்தம்மா ரூமைத் தெறந்தா. அண்ணன் பிளாப்பியச் சொருகுனா, மூக்கைத் திருகுனா, சுவிச்சைப் போட்டா. செவப்பு லைட்டு எரிஞ்சுச்சு, திரையில எழுத்து வந்துச்சு. அட, நான்தான் ஓட்டுறேன்! என்னமோ கேட்டு மினுக்கு மினுக்குன்னு நின்னுச்சு. என்ன பதில் தட்டுறதுன்னு தெரியல. அணைச்சுட்டு வந்துட்டா. அன்னைக்கு ராத்திரி ரெண்டு வாய் சோறு கூடவே தின்னா.

மூணாம் நாள் திரையில இருந்த எழுத்தெல்லாம், சாக்கு பிரிஞ்சு ஏலக்கா கொட்டுற மாதிரி பொலபொலன்னு கீழ உதுந்துச்சு. அதுக்கப்புறம் பெட்டி கண்ணே தொறக்கல.

மாமனார் குதிச்சாரு. "மருந்து மருந்துன்னு வாங்கிக் குடுத்தனே, என்னத்தக் காப்பாத்துன? பெட்டிய மதுரைக்கே அனுப்பிருங்கப்பா. நீ போய் அடுப்படிச் சோலியப் பாரு." வீரலட்சுமி கண்ணு கலங்கி நின்னா. கருத்தம்மா நெஞ்சு குளுகுளுன்னு இருந்துச்சு. வாயைத் தெறக்காம இருந்தா ஜெயிச்சாச்சு.

அப்ப மாமனார் மேக்கொண்டு ஒண்ணு சொன்னாரு. "இந்த வீட்ல அதைத் தொடத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான். கெடுத்தாலும் இவதான கெடுக்க முடியும்? மத்ததுகளுக்கு என்ன தெரியும்?"

கெடுக்குறதுலயும் இவதானா! கருத்தம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. "ஏன், நான் தொடல? நாந்தான் போட்டேன்!"

மாமனார் சிரிச்சுட்டாரு. "போத்தா. ஒனக்கு ரேடியோவே திருகத் தெரியாது."

வீரலட்சுமி சிரிக்கல. "எதைப் போட்டீங்கக்கா?"

சொன்னா பொறந்த வீட்டு மானம் போகும். சொல்லாட்டி, ஒண்ணும் தெரியாதவளாவே காலம் தள்ளணும். "எங்கண்ணன் கொண்டாந்ததை"ன்னா. "மூக்கைத் திருகிட்டு அப்புறம் சுவிச்சு."

"சுவிச்சுக்கு முன்னாடியே சொருகிட்டீங்களா? நான் செய்யிற மாதிரியேவா?" வீரலட்சுமி மாமனார் பக்கம் திரும்புனா. "அக்கா சொல்றது நெசம் மாமா. பெட்டி முழிக்கும்போதே பிளாப்பி உள்ள இருந்தா, அதுல இருக்குற நோயும் சேந்து ஏறிரும். மருந்து மேலயும் குத்தமில்ல, பெட்டி மேலயும் குத்தமில்ல. சோதிக்காம உள்ள விட்டதுதான் குத்தம்."

மாமனார் கருத்தம்மா இடுப்புல தொங்குன சாவிக்கொத்தைப் பாத்தாரு. கோவமா, ஆச்சரியமான்னு அவளுக்குப் புரியல. "சாவி உன்கிட்ட இருக்கு. இனிமே சோதிக்கிறதும் நீதான்"னாரு. "எவன் கொண்டாந்தாலும் சரி."

மதுரையில இருந்து ஆளு வந்து பெட்டிய எழுப்புனான். வீரலட்சுமி வெள்ளிக்கெழமை தோறும் வேற பிளாப்பியில காப்பி எடுத்து வச்சிருந்ததுல முக்காவாசிக் கணக்கு திரும்பிருச்சு. புது மருந்தும் தபால்ல வந்துச்சு.

தை பொறந்ததும் வீரலட்சுமியோட தம்பி சீரோட வந்தான். கூடவே ஒரு பிளாப்பி. கருத்தம்மா முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு மருந்தைச் சொருகி, மூக்கைத் திருகி, சுவிச்சைப் போட்டா. அப்புறம் அவன் பிளாப்பியப் போட்டு, திரைய விட்டுக் கண்ணை எடுக்காம உக்காந்திருந்தா.

"ஒண்ணுமில்லன்னு வந்துருச்சுக்கா"ன்னா வீரலட்சுமி.

"இரு, அவசரப்படாத"ன்னா கருத்தம்மா. "இன்னொரு தடவை நல்லாப் பாப்போம். ஒரு நோயாச்சும் இருக்கும்."