வந்தனோபசாரம் சொல்லப்படாத கூட்டம்

1944 மார்ச் பதினோராம் தேதி மாலை, மயிலாப்பூர் கால்வாய்க்கரையில் இருந்த பதினெட்டுக் குடிசைகளும் நான்கு விரற்கடை பூமிக்குள் இறங்கின. அதே மாலை, நான்கு தெரு தள்ளி, வறுமை ஆராய்ச்சி சபையின் முதல் கூட்டத்தில், ஏழைகள் ஏழைகளாகவே இருப்பதற்குச் சோம்பல்தான் காரணம் என்று பேராசிரியர் கல்யாணராமன் ஒன்றரை மணி நேரம் பேசி முடித்திருந்தார். ஏப்ரல் கூட்டத்தில் பிள்ளைகள் அதிகம் என்பது காரணமாயிற்று. குடிசைகள் ஒரு சாண் இறங்கின. மே மாதம் கள், இன்னொரு சாண். ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அது பரம்பரைக் குணம் என்றார். மறுநாள் குடிசைக் கதவுகளை மண்ணை வெட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. கூட்டங்கள் வெகு சிறப்பாக நடந்ததாகப் பத்திரிகையில் வந்தது. அது பொய்யில்லை. வயிறு நிறைந்தவன் பட்டினியைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் வார்த்தைக்கு என்ன பஞ்சம்?

சபை கூடும் மண்டபத்தைப் பெருக்குகிறவள் வெரோனிகா. மூன்றாவது குடிசையில் அவளும் மகள் ஐவியும் இருந்தார்கள். ஐவியின் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போயிருந்தான். ஐவிக்கு ஐப்பசியில் பிரசவம். ஐப்பசியில்தான் கால்வாயும் பொங்கும். குடிசை இப்படியே இறங்கிக்கொண்டு போனால் பிள்ளை தண்ணீருக்குள்தான் பிறக்கும். வேறு இடம் பார்க்கலாமே என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல்: வேறு வீடு கொடுப்பவன் புது விலாசத்துக்கு மாற்றிய ரேஷன் கார்டைக் காட்டு என்றான், கார்டு கொடுப்பவன் வீட்டுக்காரன் கையெழுத்தைக் கொண்டுவா என்றான். பழைய இடத்தை விட்டால் அரிசி கிடையாது.

குடிசை எந்த நிமிஷத்தில் இறங்குகிறது என்று கண்டுபிடித்தவன் பக்கத்துக் குடிசை சுயம்புலிங்கம், கை ரிக்‌ஷா இழுப்பவன். கூட்டத்தின் கடைசியில் காரியதரிசி எழுந்து பேச்சாளருக்கு வந்தனோபசாரம் சொல்வார். உடனே காபிக்கு மணி அடிப்பார்கள். அந்த மணி கால்வாய்க்கரைவரை கேட்கும்.

"பேசறப்போ ஒண்ணியும் ஆவல அக்கா. நன்றி சொல்லி மணி அடிச்சாங்கன்னா போதும், தரை எறங்குது," என்றான்.

வெரோனிகா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பேராசிரியரிடம் போய் நின்றாள். "எவ்ளோ வேணா பேசுங்க சாமி. நன்றி மட்டும் சொல்லாதீங்க. எங்க ஊடு பூமிக்குள்ள போய்க்கினு கீது." கல்யாணராமன் அன்பாகக் கேட்டுக்கொண்டார். அன்பில் அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்டதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டு, ஆகஸ்ட் கூட்டத்தில் ஏழைகளின் மூடநம்பிக்கையே வறுமைக்குக் காரணம் என்று பேசினார். குடிசைகள் ஒரு முழம் இறங்கின.

செப்டம்பரில் ராமானுஜம் என்ற இளம் விரிவுரையாளர் பேசினார். அந்தச் சபையில் யோக்கியமானவர் அவர் ஒருவர்தான். குற்றம் அவர்களுடையது அல்ல, என்றார். நிலம் வேறொருவருடையது, கூலியை வேறொருவர் முடிவு செய்கிறார், அவர்கள் ஏழைகளாக இருப்பது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது, அதனால்தான் இருக்கிறார்கள். மண்டபம் கைதட்டியது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. குடிசைகள் இரண்டு முழம் இறங்கின. உண்மைக்கு எடை அதிகம். ராமானுஜமும் காபி குடித்துவிட்டு, சுயம்புலிங்கத்தின் ரிக்‌ஷாவில் ஏறி வீட்டுக்குப் போனார்.

அக்டோபரில் ஆண்டு விழா. அதுவரை சொன்ன எல்லாக் காரணங்களையும் அன்று தொகுத்துச் சொல்வதாக ஏற்பாடு. இந்த முறை ஏழை ஒருத்தியே வந்தனோபசாரம் சொன்னால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று காரியக் கமிட்டிக்குத் தோன்றியது. வெரோனிகாவுக்குப் புதுப் புடவை வாங்கிக் கொடுத்து, மேடையில் நாற்காலி போட்டு, எழுதிய காகிதத்தையும் கையில் கொடுத்தார்கள். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்தவள், வாசிக்கத் தெரியும். காரணங்கள் எல்லாம் சொல்லி முடிந்ததும் எழுந்தாள். காகிதத்தைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வந்தனோபசாரம் ஆகாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது, அதையும் நிகழ்ச்சி நிரலில் பெயர் உள்ளவரே சொல்ல வேண்டும் என்பது சபையின் விதி. மரியாதை தெரிந்தவர்கள்; காத்திருந்தார்கள். இருட்டியதும் வெரோனிகா ஐவிக்குக் கஞ்சி வைக்கப் போய்விட்டாள். அவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள்.

அந்த ஐப்பசியில் கால்வாய் கரை புரண்டது. குடிசைகளைச் சுற்றிப் போட்டிருந்த மண் வரப்பின் விளிம்புவரை தண்ணீர் வந்து நின்றது. தரை இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தால் வரப்பும் முழுகி எல்லாம் முடிந்திருக்கும். உலர்ந்த தரையில் ஐவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. யுத்தம் முடிந்தது, கொடி மாறியது. சபையார் எழுந்திருக்கவில்லை. வேளா வேளைக்கு வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. மண்டபத்தின் விலாசத்துக்கே அவர்களுக்கு ரேஷன் கார்டும் கொடுத்தார்கள். யாருடைய கையெழுத்தையும் கேட்கவில்லை.

1949இல் கல்யாணராமனின் மனைவி ஜலஜா கால்வாய்க்கரைக்கு வந்து, மண்ணில் வெட்டிய பதினோரு படிகள் இறங்கி, வெரோனிகாவின் வாசலில் நின்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லிடேன்டிம்மா. அவர் ஆத்துக்கு வந்து அஞ்சு வருஷமாறது."

"நானா மாமி கயிறு போட்டுக் கட்டி வச்சிக்கிறேன்? கதவு தொறந்துதான கீது. நன்றி வாங்காம எய்ந்து வரச் சொல்லுங்க."

ஜலஜா படியேறினாள். மண்டபத்துக்குப் போய் அதை அப்படியே கணவரிடம் சொன்னாள். கல்யாணராமன் நான்கு நாள் யோசித்தார். "அதெப்படிடீ எழுந்துண்டு வரது? நாலு பேர் என்ன நெனச்சுப்பா?" என்றார். ஜலஜா கேரியரை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மழைக்காலத்தில் மண்டபத்தின் ஜன்னல்களைச் சாத்திவிடுகிறார்கள். வெரோனிகா தினமும் காலையில் வந்து, எல்லோரையும் காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி, நாற்காலிகளுக்கு அடியில் பெருக்கிவிட்டுப் போகிறாள்.