இடது ஸ்பீக்கர் மந்தம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. வீட்டு டிவிக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கலூரில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரே பாட்டை முதலில் ஒரு ஜோடியிலும் பிறகு இன்னொரு ஜோடியிலும் ஓடவிட்டு, "வித்தியாசம் தெரியுதா சார்?" என்று கேட்டார். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. "தெரியறதே! ரெண்டாவதுல ஒரு ஆழம் இருக்கு" என்றேன். ஆழமாம்! பக்கத்தில் நின்ற இரண்டு பேர் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன். மட்டாஞ்சேரி வந்து சேரும்வரை மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. தன் வெட்கத்தைத் தூக்கி இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம். அதற்கு ஆள் தேடியபோது அகப்பட்டவர்தான் ராமபத்ரன். பாவம், நல்ல மனிதர்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கொச்சங்காடியில் மழை பெய்துகொண்டிருந்தது. ராமபத்ரன் குடையை மடக்கியபடி

வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே எத்தனையோ முறை பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் முயற்சி: "ஸ்பீக்கர் என்பது நவீன மனிதனுடைய தனிமையின்

சீ. இதை எழுதிய கையை இன்னொரு கையால் அடித்தேன்.

மூன்றாவது முயற்சி நிலைத்தது: ராமபத்ரன் ஸ்பீக்கரை முகர்ந்து பார்த்தார்.

அவர் முகர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. முப்பது வருஷமாக மட்டாஞ்சேரியில் மிளகுக்குத் தரம் சொல்லி வருகிறவர். கிடங்கில் சாக்கு வந்து இறங்கினால் குழாய் ஊசியால் நடுவயிற்றில் குத்தி ஒரு கை மிளகை எடுப்பார். முகர்வார், ஒன்றைக் கடிப்பார். பிறகு ஒரு லிட்டர் படியில் நிரப்பி எடை போடுவார். கனமாக இருந்தால் நல்ல மிளகு, இல்லையென்றால் சொத்தை. அவர் "மந்தம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தச் சரக்கை அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். அப்படிப்பட்டவருக்கு அடுத்த மாதம் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வருகிறது. மனைவி சுபாஷிணிக்கு டிவியில் சினிமா பார்க்கப் பிடிக்கும். வர வர டிவியின் சத்தமும் இறங்கிக்கொண்டே போகிறது. ஆகவே ஸ்பீக்கர்.

3

கடை ஜாபர் சாதிக்குடையது. அவருடைய குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிற தமிழ்க் குடும்பம். பழைய சுக்குக் கிடங்கைத்தான் ஸ்பீக்கர் கடையாக்கியிருந்தார்.

"சாமி, அது ஸ்பீக்கராக்கும். மொளகு இல்ல" என்றார் ஜாபர்.

"சரக்குன்னா சரக்குதான் பாய்." ராமபத்ரன் இரண்டு ஸ்பீக்கரையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார். "கனம் இருக்கு. பாட்டுப் போடும். ஆரம்பத்துல வேண்டாம், நடுவுல போடும்."

"நடுவுலேருந்தா?"

"சாக்கோட மேல்வாயில எல்லாரும் நல்லதத்தான் வெப்பா. நடுவுல குத்தினாத்தான் வண்டவாளம் தெரியும்."

ஜாபர் நடுவிலிருந்து போட்டார். பாடகி ஒரு வார்த்தையின் பாதியில் பிறந்து அலறினாள். ராமபத்ரன் கண்ணை மூடி, ஒற்றைக் காலில் நிற்கிற கொக்குபோல அசையாமல் கேட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"வலது பிரமாதம். இடது மந்தம்."

வேறு ஜோடி வந்தது. இடது மந்தம். பெரிய ஜோடி, சின்ன ஜோடி, மரப்பெட்டி, கறுப்புப் பெட்டி, ஆளுயரத்தில் தூண் மாதிரி ஒன்று. ஏழு ஜோடி. ஏழிலும் இடது மந்தம்.

"கம்பெனிக்காராள்லாம் சேர்ந்து பண்ற தட்டிப்பு, மோசடியாக்கும் இது" என்றார் ராமபத்ரன். "வலதுல நல்ல சரக்கப் போட்டு, இடதுல சொத்தையத் தள்ளிவிடறா. ஜோடியா விக்கறதுனால ஒருத்தனும் கண்டுபிடிக்கல."

4

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தி மூன்று நாள் சும்மா இருந்தேன். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை வாசகர் நம்புவாரா என்ற பயம். பிறகு கடைத்தெருவில் கொஞ்சம் நடந்தேன். நம்புவார்.)

ராமபத்ரன் சொன்ன தீர்ப்பு அன்று சாயங்காலமே கொச்சங்காடி முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலை ஒரு இஞ்சி வியாபாரி தன் வீட்டு இடது ஸ்பீக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கேட்டுப் பார்த்தாராம், சாமி சொன்னது சத்தியமாம். மத்தியானத்துக்குள் நான்கு பேர். வார முடிவில் ஜாபரின் கடையில் பதினோரு இடது ஸ்பீக்கர்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. தோப்பும்படியில் படகு எஞ்சின் பட்டறை வைத்திருக்கும் ஒரு சேட்டன் வந்து, இரண்டும் வலதாக ஒரு ஜோடி வேண்டும் என்றார்.

ஸ்பீக்கரில் இடது, வலது என்று தனி இனம் கிடையாது. இரண்டும் ஒன்றே. எந்தக் கம்பியை எதில் சொருகுகிறோமோ அதுதான் பக்கம். ஜாபர் இதைப் பதினோரு பேருக்கும் விளக்கினார். பதினோரு பேரும், "அப்போ சாமி பொய் சொல்றாரா?" என்று கேட்டார்கள். ஜாபர் பெட்டிகள் பக்கம் திரும்பினார். ஒவ்வொன்றிலும் இடதுக்கு அடையாளமாகச் சாக்பீஸால் ‘இ’ என்று எழுதியிருந்ததை அழித்து ‘வ’ என்று எழுதினார். பதினொன்றும் இரண்டே நாளில் விற்றுப்போயின.

5

இனி வீடு. இந்தக் கதையை ராமபத்ரனின் பக்கத்திலேயே நின்று சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். அவருக்குக் கேட்பது எனக்குக் கேட்கும். அவருக்குக் கேட்காதது எனக்கும் கேட்காது. அதனால் சோஃபாக் காட்சி இப்படித்தான் வந்தது:

டிவி ஓடிக்கொண்டிருந்தது. சுபாஷிணி வழக்கம்போல அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் கணக்குப் பேப்பர்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"(............)" என்றாள்.

"ம்" என்றார் ராமபத்ரன்.

"(......) (...............)?"

"ம். செரி."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேப்பர் கட்டோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். வர வர இவள் குரலும் இறங்கிவிட்டது என்று ராமபத்ரன் நினைத்துக்கொண்டார்.

புள்ளிகளை நான் அச்சுக்குப் போகும்முன் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் யோசித்தேன். கதையில் பாதி வந்தாயிற்று, ஒரு பெண்ணை வெறும் புள்ளிகளாக உட்கார வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவேயில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

எட்டாவது ஜோடி. ராமபத்ரன் கண்ணை மூடிக்கொண்டார். ஜாபருக்கு அன்று என்ன தோன்றியதோ, சத்தம் போடாமல் இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி வைத்தார்.

"இடது மந்தம்" என்றார் ராமபத்ரன்.

மறுபடி மாற்றினார்.

"மந்தம்."

"சாமி, கண்ணத் தொறக்க வேண்டாம். அப்படியே பின்பக்கம் திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்றார். இப்போது மந்தமாக இருந்த பெட்டி வலது காதுப் பக்கம் வந்திருந்தது. அது கணீரென்று பாடியது. இவ்வளவு நேரம் பிரமாதமாக இருந்த பெட்டி செத்துப்போயிருந்தது.

ராமபத்ரன் கண்ணைத் திறந்தார். அவர் முட்டாள் இல்லை. சாக்கை மாற்றி மாற்றிக் குத்தினாலும் ஒரே பக்கத்தில் சொத்தை வந்தால் சாக்கில் கோளாறு இல்லை என்று அவருக்குத் தெரியும். இடது காதை விரலால் பொத்திப் பார்த்தார்; ஒரு வித்தியாசமும் இல்லை. ஜாபர் பாட்டை நிறுத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டு, சாயா சொன்னார். பிறகு பேச்சை மாற்றுகிறேன் பேர்வழி என்று, அவருடைய வலது பக்கமாக வந்து உட்கார்ந்தார்.

"எப்படியும் ஒண்ணு நல்லதா வாங்கிப் போட்டுடுங்க சாமி. டீச்சர் மஸ்கட் போயிட்டா வீடு வெறிச்சுனு கெடக்கும்ல."

"யாரு போறா?"

ஜாபர் சாயாவைக் கீழே வைத்தார். அவர் மனைவி சுலைஹாவும் சுபாஷிணியும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள்.

"டீச்சருக்கு அங்க ஸ்கூல்ல ரெண்டு வருஷத்துக்கு வேல வந்திருக்கே. வெள்ளிக்கிழமக்குள்ள பதில் அனுப்பணுமாம். உங்ககிட்ட மூணு தடவ கேட்டாச்சுன்னு சுலைஹா சொன்னா. நீங்க டிவியிலேருந்து மொகத்தக்கூட எடுக்காம ‘ம்’னுட்டீங்களாம். இருபத்தஞ்சு வருஷம் கூட இருந்தவரு, போகாதேன்னு ஒரு பேச்சுக்குக்கூட சொல்லலியேன்னு டீச்சருக்கு ரொம்ப சங்கடம்."

அன்று செவ்வாய்க்கிழமை.

7

இப்போது என் கையில் சில முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: ராமபத்ரன் ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறார். சுபாஷிணி அழுது, மஸ்கட் வேண்டாம் என்று எழுதிவிடுகிறாள். இதை எழுதிப் பார்த்தேன். ஒரு பெண்ணுக்குக் கிடைத்த வேலையைப் பறித்து ஒரு ஆணின் காதுக்கு மருந்தாக அரைத்துப் போட்டதுபோல இருந்தது. கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: அவர் வாயே திறப்பதில்லை. தரம் பார்க்கிறவருக்குக் காது போயிற்று என்று தெரிந்தால், மூக்கையும் நாக்கையும் நாளைக்கு எவன் நம்புவான்? எனவே இரண்டு வலது ஸ்பீக்கரை வாங்கி, இரண்டையும் தன் வலது பக்கம் வைத்துக்கொண்டு, தனி வீட்டில் காலம் தள்ளுகிறார். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சிரிப்பாகவும் இருந்தது. ஆனால் மறுநாள் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

மூன்றாவதாக, ஒரு காது டாக்டர் வந்து எல்லாவற்றையும்

இல்லை. டாக்டர் கதைக்கு வெளியே இருக்கட்டும். எப்படியும் அடுத்த வாரம் ராமபத்ரன் அவரிடம் போகத்தான் போகிறார்.

8

நடந்தது இதுதான். நான் எழுதியதைவிட நன்றாக நடந்தது.

சாயங்காலம் ராமபத்ரன் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். சுபாஷிணி சோஃபாவில், தன் இடத்தில் இருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் செய்தித்தாள் மலை. யாரும் உட்கார முடியாத மூலை. ராமபத்ரன் அந்த மலையைத் தரையில் இறக்கிவைத்து, சோஃபாவின் கைப்பிடிக்கும் அவளுக்கும் நடுவே தன்னைத் திணித்துக்கொண்டார்.

"என்னாச்சு உங்களுக்கு? உங்க எடம் காலியாத்தானே கெடக்கு!"

"அங்க உக்காந்தா நீ பேசறது கேக்காது."

"ஏன் கேக்காது?"

"இந்தக் காது போயாச்சு சுபா." இடது காதைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டு வருஷம் இருக்கும். இன்னிக்குத்தான் ஒத்துண்டேன்."

சுபாஷிணி சிவப்புப் பேனாவை மூடினாள். பேப்பர் கட்டை ஓரம் வைத்தாள். இனி அவள் பேசுவது எனக்கும் கேட்கும்.

"அப்போ என் மன்னி பத்து நாள் வந்து தங்கட்டுமான்னு கேட்டதுக்கு செரின்னேளே?"

"கேக்கல. அவ வாசல்ல வந்து நின்னப்போதான் தெரியும்."

"கார்த்தாலே காப்பிக்குச் சக்கரை நிறுத்திடலாமான்னேன்."

"கேக்கல. தெனம் குடிக்கறச்ச உனக்கு எம்மேல என்ன கோபமோன்னு நெனச்சுப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "இந்த ரெண்டு வருஷமா நீங்க எவ்வளவு நல்ல மனுஷனா மாறிட்டேள்னு ஊரெல்லாம் சொல்லிண்டிருந்தேன்" என்றாள். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. "கடைசீல பாத்தா செவிடு."

"மஸ்கட் விஷயம் பாய்தான் சொன்னார்" என்றார் ராமபத்ரன். "கேட்டதும் எழுந்து வந்துட்டேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ கேட்டது ஒண்ணும் என் காதுல விழல சுபா. இன்னும் ஒரு தரம் கேளு."

சுபாஷிணி அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். முன்னால் நான் அடைப்புக்குறிக்குள் புள்ளி வைத்துவிட்ட அதே கேள்வி, இந்தத் தடவை வார்த்தையாக வந்தது.

"எனக்குப் போகணும்னு ஆசையாக்கும். இத்தன வருஷத்துல எனக்குன்னு வந்த ஒரே வேல. உங்கள விட்டுட்டுப் போகவும் மனசு வரல. ரெண்டும் நெஜம். இப்போ சொல்லுங்கோ. நான் போகட்டுமா?"

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அவருக்கும், எனக்கும்.

9

கேட்கவில்லை என்று சொல்ல இனி அவருக்கு வழியில்லை. போ என்றால் இரண்டு வருஷம் இந்த வீட்டில் அவர் தனி ஆள். போகாதே என்றால், அவள் ஆசைப்பட்டாள் என்பதைக் காதாரக் கேட்ட பிறகு தடுத்தவர். அவர் வாயைத் திறந்துவிட்டார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும் என்று நான் சொன்னால், அது கலூர் கடையில் சொன்ன மாதிரிப் பொய்தான். எனக்குத் தெரியாது.

ஆகவே அவருடைய இடத்தில் உங்களை உட்கார வைக்கிறேன். கொஞ்சம் நெருக்கடியான மூலை, பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வியை நீங்களும் கேட்டீர்கள். அவள் இரண்டாம் தரம் கேட்கமாட்டாள். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தயவுசெய்து தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.