பதினோரு வீடுகளில் ஒரே நேரத்தில்

“மாசமா இருக்கிற பொண்ணு பேருக்கு நேரா ‘முடிந்தது’ன்னு அமுக்கச் சொல்றீங்களே, உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா அமுக்குவீங்களா?”

“பார்த்த வேலை முடிஞ்சதுன்னுதான் மேடம் அர்த்தம்.”

“அது கம்ப்யூட்டருக்குத் தெரியும். பக்கத்துல உக்காந்து பாக்குற பொண்ணுக்குத் தெரியணும்ல.”

மூன்று மாதத்துக்கு முந்தைய இந்தப் பேச்சை, எழுமலை பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் ஜெயபாண்டி மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்வான். கிராமத்துச் செவிலியர்களின் வேலைக் கணக்கைக் கணினியில் ஏற்றக் கற்றுக்கொடுப்பது அவன் உத்தியோகம். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் ‘தொடக்கம்’, வெளியே வந்ததும் ‘முடிந்தது’ என்று அமுக்கினால் போதும். எழுமலைச் செவிலியர் சுபலட்சுமி மட்டும் கர்ப்பிணிகளின் பெயருக்கு எதிரே இரண்டாவது பொத்தானைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். விளைவு, முதல் மாதமே கணினியின் கணக்குப்படி அவள் பத்தொன்பது நாளாக, சோறு தூக்கம் இல்லாமல், பதினோரு வீடுகளில் ஒரே நேரத்தில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைச் சரிசெய்ய வாராவாரம் ஜெயபாண்டியை அனுப்பினார்கள். கோச்சடையிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிறவன் முகத்தில் அலுப்பு என்பதே இருக்காது. நேரங்களை ஒவ்வொன்றாகத் திருத்துவான், டீ குடிப்பான், சுபலட்சுமியிடம் கேட்க வேண்டியதைத் தொண்டை வரை கொண்டுவந்து அப்படியே விழுங்கிக்கொண்டு ஊர் திரும்புவான். ஊரே சிஸ்டர் என்று அழைப்பவளை அவன் மட்டும் மேடம் என்பதை, சுகாதார நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் ராமக்காள் முதல் வாரமே கவனித்துவிட்டாள்.

போன வாரம் அவனும் ஒன்றைக் கவனித்தான். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சுபலட்சுமி “வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள். அலுவலகத்தில் மன்றாடிப் பொத்தானின் எழுத்தை மாற்றி வாங்கி வந்தான். ‘முடிந்தது’ இருந்த இடத்தில் இப்போது ‘வாரேன்’ இருந்தது.

சுபலட்சுமி சிரித்துக்கொண்டே பதினோரு முறை அமுக்கினாள். கணக்கு கச்சிதமாக நேரானது.

“அப்ப தம்பிக்கு இனிமே இங்கிட்டு சோலியில்ல” என்றாள் ராமக்காள், விளக்குமாற்றை நிறுத்தாமல்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது ஜெயபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய் நின்றான்.

“வாரேன் மேடம்.”

சுபலட்சுமி நிமிரவில்லை. “அதான் சோலியில்லயே, பெறகு எதுக்கு வாரீங்க?”

விளக்குமாறு நின்றது.

“ஞாயித்துக்கிழமை எங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வாரேன். பொண்ணு கேக்க. வரலாமா, சுபா?”