இடுப்பளவு கச்சிதம்

1
இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கால்சட்டையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்த கடையில், தையற்காரரே ஊசியில் நூல் கோத்தபடி சொன்னது.

"எழுதிக்கங்க சார். அழுகாச்சியா மட்டும் எழுதாதீங்க."

2
முதல் தொடக்கம்: 'யாருமற்ற அறையில் குரல்கள் எழுந்தன, இருண்ட வானம்…'

(அடித்துவிட்டேன். சுத்த அழுகாச்சி.)

இரண்டாவது தொடக்கம்: மனச்சிதைவுக்குப் புதுவகை மாத்திரை தொடங்கி ஆறாவது வாரம், ஓயாமல் தையற்காரரைத் திட்டிய குரல்கள் வாயை மூடின. எட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு சட்டையை முழுதாகத் தைத்து முடித்தார். மனைவி அழுதுகொண்டே அதற்குப் பொத்தான் தைத்தார். (இந்த அழுகைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.)

3
குரலை அடக்கிய மாத்திரை பசியை அவிழ்த்துவிட்டது. கை கழுவும்போதே அடுத்த வேளைக்கு என்னவென்று கேட்பார். மாதாமாதம் டாக்டர் கேட்பார்:

"உடுப்பு எதுவும் இறுக்குதா?"

"இல்ல டாக்டர், கச்சிதமா இருக்கு."

பொய்யில்லை. இறுக்கிய அன்றே தன் கால்சட்டையின் தையலைப் பிரித்து இடுப்பைப் பெரிதாக்கிவிடுவார். தொழில் பழக்கம், யோசித்துச் செய்ததில்லை. ஒன்றரை வருடத்தில் பதினாறு கிலோ! மனைவியோ உடம்பு தேறிவிட்டதென்று பூரித்துப்போனார்.*

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எட்டிப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது.

"துணி தைக்கிறவர்கிட்ட போய் இதைக் கேட்டேனே!" டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

(*எடை பார்க்கும் இயந்திரமா? டாக்டரிடம் இருந்தது. 'பழுது' என்ற அட்டையோடு.)

4
எடையை அவ்வளவாக ஏற்றாத வேறொரு மாத்திரைக்குச் சிறுகச் சிறுக மாறலாம் என்றார் டாக்டர். பலிக்காமல் போனால் குரல்கள் திரும்பக்கூடும்.

முடிவு அ: பலித்தது.
முடிவு ஆ: குரல்கள் வந்தன, தையல் இயந்திரம் மறுபடியும்…

இரண்டையும் படித்துக் காட்டினேன். மனைவி தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"ரெண்டாவது வேணாம் சார். அதுல நான் எட்டு வருஷம் குடியிருந்துட்டேன்."

"மொதலாவதும் வேணாம்," என்றார் தையற்காரர். "இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களே!"

"பயமா இல்லையா?" என்றேன்.

"வயிறு முட்ட இருக்கு. அதுக்காக மாறாம இருக்க முடியுமா?"

5
மாறத் தொடங்கிய ஐந்தாம் நாள் காலை நானும் கடையில் இருந்தேன். மனைவி தினமும் கேட்பதைக் கேட்டார்.

"காதுல யாராச்சும் பேசுறாங்களா?"

"ஆமா. விடாம பேசுறாங்க."

மனைவி கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"நீதான்டி," என்றார் தையற்காரர்.

முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது. மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஆறாம் நாளை எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அம்மாவிடம் நீங்களே போய்ப் படித்துக் காட்டவேண்டும்.